வேலையின்மைப் புள்ளிவிவரத்தைப் பிரிவு வாரியாகப் படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

ஆய்வேட்டுக்காகவோ, பத்திரிகைக் கட்டுரைக்காகவோ, தொண்டு நிறுவன அறிக்கைக்காகவோ இந்தியாவின் வேலையின்மை நிலவரத்தை எழுதப் போகிறீர்களா? "பெண்களிடம் எவ்வளவு, இளைஞர்களிடம் எவ்வளவு, பட்டியல் சாதியினரிடம் எவ்வளவு" என்று பிரித்துக் காட்ட வேண்டுமா? அப்படியானால் இந்தப் பக்கம் உங்களுக்காக. எந்த ஆவணத்தை எங்கிருந்து எடுப்பது, எவ்வளவு செலவாகும், எங்கே கால் வழுக்கும் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். வேலையின்மை விகிதத்தை மட்டும் தனியே எடுத்து இரண்டு பிரிவுகளை ஒப்பிட்டால், பெரும்பாலும் நிலைமையைத் தலைகீழாக எழுதிவிடுவோம். வசதி குறைந்தவர்களுக்கு வேலையில்லாமல் காத்திருக்க முடியாது, கிடைத்ததைச் செய்வார்கள். அதனால் அவர்களுடைய விகிதம் குறைவாகவே தெரியும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு தவறைத் தவிர்ப்பதற்காகத்தான்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

தரவைத் திறப்பதற்கு முன் ஐந்து விஷயங்களை முடிவு செய்யுங்கள்: யார், எந்த வயது, கிராமமா நகரமா இரண்டுமா, எந்தக் காலம், எந்த அளவீட்டு முறை. "தமிழ்நாட்டில் 15 முதல் 29 வயதுள்ள நகர்ப்புறப் பெண்கள், ஜூலை 2023 முதல் ஜூன் 2024 வரை, வழக்கமான நிலைப்படி" (இந்த நிலை என்னவென்று படி 3இல் சொல்கிறேன்) என்று எழுதினால் அதற்குச் சரியாக ஒரே ஒரு எண்தான் பொருந்தும். "தமிழ்நாட்டில் இளம்பெண்களின் வேலையின்மை" என்று விட்டால் ஆறேழு எண்கள் பொருந்தும். ஆளுக்கு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு சண்டை போடுவது இதனால்தான்.

2. சரியான ஆவணத்தை எடுங்கள்

தேசிய அளவில் அதிகாரபூர்வமான மூலம், மத்தியப் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகத்தின் கீழ் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு. சுருக்கமாகப் பி.எல்.எஃப்.எஸ். 2017 ஏப்ரலில் களப்பணி தொடங்கியது. இதில் உங்களுக்குத் தேவைப்படுபவை நான்கு:

ஆண்டறிக்கை. சாதிப் பிரிவு, மதம், கல்வி, வயது, மாநிலம் என்று எல்லாப் பிரிவுகளும் இருப்பது இதில்தான். பிரிவு வாரியாக எழுதுபவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2017-18 முதல் 2023-24 வரை ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் ஆண்டு. 2025 முதல் ஜனவரி–டிசம்பர் ஆண்டு.

காலாண்டு அறிக்கை. 2024 முடியும் வரை நகர்ப்புறத்துக்கு மட்டுமே வந்தது. 2025இலிருந்து கிராமப்புறமும் சேர்ந்திருக்கிறது.

மாதாந்திர அறிக்கை. 2025 ஏப்ரல் மாதத்துக்கான முதல் அறிக்கை அந்த ஆண்டு மே 15ஆம் தேதி வந்தது. வயது, பால், கிராமம்–நகரம் என்பதோடு சரி. சாதி, கல்வி விவரம் இதில் தேடாதீர்கள்.

அலகுநிலைத் தரவு. பெயரும் முகவரியும் நீக்கப்பட்ட, ஆள்வாரியான மூலக் கோப்பு. அறிக்கையில் இல்லாத அட்டவணையை நாமே போட்டுக்கொள்ள இது வேண்டும். இதைப் படி 7இல் பார்ப்போம்.

நான்குக்கும் கட்டணம் கிடையாது. அறிக்கைகளை அமைச்சகத்தின் இணையதளத்தில் நேரடியாக இறக்கிக்கொள்ளலாம். அமைச்சகத்தின் இ-சாங்க்யிகி தளத்தில் முக்கியத் தொடர்கள் எக்செல் கோப்பாகவே கிடைக்கின்றன, பி.டி.எஃப்.பைப் பார்த்து எண்களைத் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம். அடுத்த அறிக்கை என்றைக்கு என்பதற்கு அமைச்சகம் முன்கூட்டியே வெளியீட்டு நாட்காட்டி போடுகிறது. கட்டுரையைச் சமர்ப்பிக்கும் தேதிக்கு முந்தின நாள் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி, பி.எல்.எஃப்.எஸ்.ஸோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத மூன்று எண்கள்.

முதலாவது, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்ததுமே பதிந்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வைப்பது பழக்கம். தனியார் வேலையில் இருப்பவரும் பதிவை விடுவதில்லை. படித்துக்கொண்டிருப்பவரும் பட்டியலில் இருப்பார். பதிவே செய்யாத வேலையற்றவர்களும் உண்டு. "இத்தனை லட்சம் பேர் பதிந்து காத்திருக்கிறார்கள்" என்பது அரசு வேலைக்கான ஆசையைக் காட்டும், வேலையின்மையை அளக்காது.

இரண்டாவது, வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் மாதாந்திர ஊதியப் பட்டியல் எண்ணிக்கை. புதிதாக எத்தனை கணக்குகள் சேர்ந்தன என்பதை அது சொல்லும். ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த நிறுவனம் சட்ட வரம்புக்குள் வந்தாலும் எண்ணிக்கை கூடும்.

மூன்றாவது, சி.எம்.ஐ.இ. என்ற தனியார் நிறுவனத்தின் குடும்ப ஆய்வு. முறையான ஆய்வுதான், ஆனால் வரையறை வேறு. அங்கே தீவிரமாக வேலை தேடுபவர்களையே வேலையற்றோராகக் கணக்கிட்டு விகிதம் சொல்கிறார்கள். வேலையில் இருப்பவர் யார் என்பதற்கும் அவர்களுடைய நிபந்தனை இறுக்கமானது. அந்த எண்ணையும் பி.எல்.எஃப்.எஸ். எண்ணையும் ஒரே வரைபடத்தில் போடக் கூடாது. விரிவான தரவுக்குச் சந்தா கட்ட வேண்டும். பணம் கட்டும் முன் உங்கள் கல்லூரி நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள்.

3. "வேலையில் இருப்பவர்" யார் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

பி.எல்.எஃப்.எஸ். ஒரே ஆளை இரண்டு கோணத்தில் பார்க்கிறது. வழக்கமான நிலையில், ஆய்வு நாளுக்கு முந்தைய 365 நாட்களைப் பார்க்கிறார்கள். அதில் பெரும்பகுதி நாட்கள் அவர் உழைப்புப் படையில் (வேலை செய்பவர்களும், வேலையில்லாமல் தேடுபவர்களும், கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர்களும் சேர்ந்தது) இருந்தாரா வெளியே இருந்தாரா என்பது முதல் கேள்வி. உள்ளே இருந்தால், அதிக நாட்கள் வேலையிலா, வேலையில்லாமலா என்பது அடுத்த கேள்வி. இது முதன்மை நிலை. இதோடு, ஆண்டில் 30 நாள் அல்லது அதற்கு மேல் ஏதாவது துணை வேலை செய்திருந்தால் அவரும் வேலையில் இருப்பவராகிவிடுவார். ஆண்டறிக்கையின் தலைப்பு எண் முதன்மையும் துணையும் சேர்ந்தது.

நடப்பு வார நிலையில் கடந்த 7 நாட்கள் மட்டும்தான் கணக்கு. ஏதாவது ஒரு நாளில் 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாமல், வேலை தேடியிருந்தாலோ, தேடாவிட்டாலும் கிடைத்தால் செய்யத் தயாராக இருந்தாலோ வேலையற்றவர். மாதாந்திர, காலாண்டு அறிக்கைகள் இந்த முறையில்தான் வருகின்றன.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர். அப்பா கட்டட வேலைக்குப் போகும் தினக்கூலி: ஆய்வுப் படிவத்தில் குறியீடு 51. குடும்பம் சித்தப்பாவோடு கூட்டாக நடத்தும் மளிகைக் கடையில் அம்மா சாயங்காலம் உட்காருகிறார், சம்பளம் இல்லை: 21, அதாவது குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர். மூத்த மகள் பொறியியல் முடித்து ஒன்றரை ஆண்டாக வேலை தேடுகிறார்: 81. மகன் கல்லூரியில்: 91. பாட்டிக்கு முதியோர் ஓய்வூதியம்: 94.

இந்த வீட்டில் உழைப்புப் படை மூன்று பேர்: அப்பா, அம்மா, மகள். மகனும் பாட்டியும் அதற்கு வெளியே. வேலையற்றவர் ஒருவர். ஆக வேலையின்மை விகிதம் மூன்றில் ஒன்று, 33.3 சதவீதம். "வீட்டில் ஐந்து பேரில் ஒருவருக்கு வேலையில்லை, 20 சதவீதம்தானே" என்று கணக்குப் போட்டால் தப்பு. வேலையின்மை விகிதத்தில் கீழே வருவது மக்கள்தொகை கிடையாது. உழைப்புப் படை மட்டும்.

இப்போது அந்த மகள் போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் டியூஷன் எடுத்துப் பணம் வாங்கினார் என்று வையுங்கள். நடப்பு வார நிலையில் அவர் வேலையில் இருப்பவர். வீட்டின் வேலையின்மை பூஜ்யம். டியூஷன் ஆண்டில் 30 நாளைத் தொட்டிருந்தால் வழக்கமான நிலையிலும் பூஜ்யம். அவர் தேடும் வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் எண் மாறிவிட்டது.

அம்மா கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டு வேலையை மட்டும் பார்த்தால் குறியீடு 92. அப்போது உழைப்புப் படையிலிருந்தே வெளியேறிவிடுவார். சமையல், துவைப்பு, குழந்தை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு எவ்வளவு செய்தாலும் இந்தக் கணக்கில் வேலை ஆகாது. அதே அம்மா ஒப்பந்தக்காரரிடம் மூலப்பொருள் வாங்கி வீட்டிலேயே பீடி சுற்றினால் சுயதொழில் செய்பவராக எண்ணப்படுவார்.

4. மூன்று விகிதங்களையும் ஒன்றாக எழுதுங்கள்

உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று கட்டம் போடுங்கள்.

பங்கேற்பு விகிதம்: 100 பேரில் எத்தனை பேர் உழைப்புப் படையில் இருக்கிறார்கள்.
வேலையில் இருப்போர் விகிதம்: 100 பேரில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்.
வேலையின்மை விகிதம்: உழைப்புப் படையில் உள்ள 100 பேரில் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள்.

முதல் இரண்டும் தெரிந்தால் மூன்றாவதை நீங்களே சரிபார்க்கலாம். 2017-18இல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் பங்கேற்பு 49.8, வேலையில் இருப்போர் 46.8. வித்தியாசம் 3.0. அதை 49.8ஆல் வகுத்தால் 6.0 சதவீதம். 2023-24இல் பங்கேற்பு 60.1, வேலையில் இருப்போர் 58.2. வித்தியாசம் 1.9, வகுத்தால் 3.2. இரண்டுமே அறிக்கையின் எண்ணோடு ஒத்துப்போகின்றன. தசமத் திருத்தத்தால் சில பிரிவுகளில் 0.1, 0.2 வரை விலகலாம்; அதற்கு மேல் விலகினால் அட்டவணையில் தவறான வரியை எடுத்திருக்கிறீர்கள்.

இளைஞர் பற்றி எழுதும்போது இந்தக் கணக்கு மிகவும் உதவும். 2017-18இல் 15–29 வயதினரின் வேலையின்மை விகிதம் 17.8. உடனே "நூறு இளைஞரில் பதினெட்டு பேருக்கு வேலையில்லை" என்று எழுதினார்கள். அப்போது அந்த வயதினரின் பங்கேற்பு 38.2, வேலையில் இருந்தோர் 31.4. எனவே நூறு இளைஞரில் வேலையற்றவர்கள் சுமார் 7 பேர். மீதிப் பேர் பெரும்பாலும் படிப்பிலோ வீட்டு வேலையிலோ இருந்தவர்கள். பிரச்சினை சிறியது என்று சொல்ல வரவில்லை. வேலைக்கு வந்தவர்களில் ஆறில் ஒருவருக்கு வேலை கிடைக்காதது பெரிய பிரச்சினைதான். அதை அப்படியே சொல்ல வேண்டும், அவ்வளவே.

5. பிரிவு வாரியாகப் போகும்போது ஒவ்வொன்றிலும் உள்ள பொறி

பெண்கள். மேலோட்டமாகப் படித்தால் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 2023-24இல் ஆண்களின் வேலையின்மை விகிதமும் 3.2, பெண்களின் விகிதமும் 3.2. இதை வைத்து "பாகுபாடே இல்லை" என்று எழுதலாம் போலத் தோன்றும். பங்கேற்பைப் பாருங்கள்: ஆண்கள் 78.8, பெண்கள் 41.7. நூறு பெண்களில் 58 பேர் கணக்குக்குள்ளேயே வரவில்லை. வேலை கிடைக்காது என்று தேடுவதையே விட்டவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர், போக்குவரத்து இல்லாததால் போகாதவர் என்று எல்லோரும் அந்த 58க்குள்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23.3ஆக இருந்து 2023-24இல் 41.7ஆக உயர்ந்திருக்கிறது. கிராமப்புறத்தில் 24.6 என்பது 47.6 ஆனது, நகரத்தில் 20.4 என்பது 28.0. இதை எழுதும்போது வேலையின் வகையைச் சேர்க்காமல் விடாதீர்கள். வேலையில் இருக்கும் பெண்களில் சுயதொழில் செய்வோரின் பங்கு 51.9 சதவீதத்திலிருந்து 67.4 ஆனது. அந்தச் சுயதொழிலுக்குள் கடை வைத்திருப்பவரும் இருக்கிறார். கணவரின் வயலில் ஊதியமில்லாமல் உழைப்பவரும் இருக்கிறார். 2023-24இல் வேலையில் இருந்த பெண்களில் 36.7 சதவீதம் பேர் ஊதியமில்லாக் குடும்ப உதவியாளர்கள். இந்த ஒரு எண் இல்லாமல் பெண்கள் வேலைவாய்ப்பு பற்றிய கட்டுரை முழுமை பெறாது என்பது என் உறுதியான கருத்து.

இளைஞர். இந்திய அறிக்கைகளில் இளைஞர் என்றால் 15–29. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அட்டவணைகளில் பெரும்பாலும் 15–24. வெளிநாட்டோடு ஒப்பிடும்போது வயதைப் பார்க்காமல் எடுத்தால் கதை மாறிவிடும். 2023-24இல் 15–29 வயதினரின் விகிதம் 10.2, கிராமத்தில் 8.5, நகரத்தில் 14.7, நகர்ப்புற இளம்பெண்களுக்கு 20.1. பால், வயது, இடம் மூன்றும் சேரும் இடத்தில்தான் பிரச்சினை இறுகிக் கிடக்கிறது என்பதை இந்த வரிசையே காட்டிவிடும். ஒரே பிரிவாகப் பார்த்தால் தெரியாது.

படித்தவர்கள். எழுத்தறிவு இல்லாதவர்களிடம் வேலையின்மை விகிதம் மிகக் குறைவு. படிப்பு ஏற ஏற விகிதமும் ஏறும். 2022-23இல் மொத்த விகிதம் 3.2ஆக இருந்தபோது பட்டதாரிகளிடம் 13.4. "படிப்பு வேலையைக் கெடுக்கிறது" என்று இதற்குப் பொருள் இல்லை. படித்தவர் தகுதிக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறார். குடும்பமும் ஓரளவு தாங்குகிறது. அரசுத் தேர்வுக்குப் படிப்பவரிடம் கேட்டால் சிலர் "வேலை தேடுகிறேன்" என்பார்கள் (81), சிலர் பயிற்சி நிலையத்தைச் சொல்லி "படிக்கிறேன்" என்பார்கள் (91). பதிலைப் பொறுத்து ஒரே மாதிரியான இருவர் வெவ்வேறு கட்டத்தில் விழுவார்கள். கல்வி வாரியாக எழுதும்போது வயதையும் சேர்த்துப் பிரியுங்கள். இளைய தலைமுறையில் படித்தவர்கள் அதிகம் என்பதால், கல்வியின் விளைவு என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி வயதின் விளைவு.

சாதிப் பிரிவு. படிவத்தில் நான்கே குறியீடுகள்: பழங்குடியினர் 1, பட்டியல் சாதியினர் 2, இதர பிற்படுத்தப்பட்டோர் 3, மற்றவர்கள் 9. தமிழ்நாட்டில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது: பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் என்ற நம் மாநிலப் பிரிவுகள் இதில் தனித்தனியாக இல்லை. எவ்வளவு தோண்டினாலும் எடுக்க முடியாது. அருந்ததியர் உள்ஒதுக்கீடு பற்றிய கேள்விக்கும் இந்தத் தரவில் விடையில்லை. யாராவது "பி.எல்.எஃப்.எஸ்.படி எம்.பி.சி. வேலையின்மை" என்று எண் கொடுத்தால் நம்பாதீர்கள்.

நான்கு பிரிவுகளில் பழங்குடியினரின் வேலையின்மை விகிதம்தான் வழக்கமாகக் குறைவாக வரும். அவர்கள் வளமாக இருக்கிறார்கள் என்பதல்ல காரணம். பெரும்பான்மையோர் விவசாயத்திலும் காட்டை ஒட்டிய வேலையிலும் கூலியிலும் இருக்கிறார்கள். பெண்களும் ஆண்களைப்போல உழைக்கிறார்கள். சும்மா இருந்தால் அடுப்பெரியாது. ஆகவே சாதிப் பிரிவு ஒப்பீட்டில் வேலையின்மை விகிதத்துக்குப் பக்கத்தில் இரண்டு பத்திகளைக் கட்டாயம் வையுங்கள்: மாதச் சம்பள வேலையில் எத்தனை சதவீதம், தினக்கூலியில் எத்தனை சதவீதம். ஏற்றத்தாழ்வு அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

மாநிலம். கேரளத்தில் 2023-24இல் 15–29 வயதினரின் வேலையின்மை 29.9 சதவீதம். தேசிய அளவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. படித்தவர்கள் அதிகம், கூலி எதிர்பார்ப்பு அதிகம், வெளிநாட்டுப் பணம் வரும் குடும்பங்கள் அதிகம் என்பதையெல்லாம் சொல்லாமல் "கடைசி இடம்" என்று தரவரிசை போடுவது வாசகரை ஏமாற்றுவதாகும். நிலையான இருப்பிடம் இல்லாமல் இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் இந்த ஆய்வின் எல்லைக்குள் வருவதில்லை என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

6. ஆண்டுவாரிப் போக்கை எழுதும்போது

வழக்கமான நிலைப்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரின் வேலையின்மை விகிதம்: 2017-18இல் 6.0, 2018-19இல் 5.8, 2019-20இல் 4.8, 2020-21இல் 4.2, 2021-22இல் 4.1, 2022-23இல் 3.2, 2023-24இல் 3.2. இந்தத் தொடர் ஒரே ஆய்வு, ஒரே வரையறை, ஒப்பிடலாம். தடுக்கி விழும் இடங்கள் வேறு.

வழக்கமான நிலையையும் வார நிலையையும் கலப்பது. 2025 ஏப்ரல் மாத எண் 5.1 என்று வந்தபோது, "3.2 என்பது 5.1 ஆகிவிட்டது" என்று எழுதத் தோன்றும். முந்தையது வழக்கமான நிலை. பிந்தையது வார நிலை. 2023-24இல் வார நிலைப்படியே 4.9 இருந்தது. ஒப்பிட வேண்டுமானால் அதோடுதான் ஒப்பிட வேண்டும். அதிலும் ஆண்டுச் சராசரிக்கும் ஒரு மாதத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். போதாக்குறைக்கு 2025 ஜனவரியில் மாதிரி வடிவமைப்பே மாறியது.

2011-12ஐ 2017-18ஓடு ஒட்டுவது. எல்லா வயதினரையும் சேர்த்து, பழைய ஐந்தாண்டு ஆய்வில் 2.2 சதவீதம், பி.எல்.எஃப்.எஸ். முதல் ஆண்டில் 6.1. புதிய ஆய்வில் வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது. வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்து வீடுகளைப் பிரித்தார்கள். நேரடியாக ஒப்பிட வேண்டாம் என்று அமைச்சகமே சொன்னது. உயர்வே இல்லை என்று சொல்லவும் இதைப் பயன்படுத்தக் கூடாது. ஒரே கோடாக இழுக்காமல் நடுவில் இடைவெளி விட்டு, அடிக்குறிப்புப் போடுங்கள்.

ஊரடங்கு ஆண்டு. 2019-20இல் ஆண்டு விகிதம் 5.8இலிருந்து 4.8ஆகக் குறைந்தது. அதே ஆண்டின் கடைசிக் காலாண்டான 2020 ஏப்ரல்–ஜூனில் நகர்ப்புற வார நிலை விகிதம் 20.8ஐத் தொட்டது, அதற்கு முந்தைய காலாண்டில் 9.1. இரண்டும் உண்மை. 365 நாளைப் பார்க்கும் அளவுகோலில் மூன்று மாத அதிர்ச்சி கரைந்துவிடும். 7 நாளைப் பார்க்கும் அளவுகோலில் அப்படியே தெரியும். திடீர் நெருக்கடியைப் பற்றி எழுத வார நிலை, நீண்ட காலப் போக்குக்கு வழக்கமான நிலை.

மாதத்துக்கு மாதம் தாவுவது. விதைப்பு, அறுவடை, தேர்வு முடிவு என்று ஒவ்வொரு பருவத்துக்கும் எண் ஆடும். மே மாதத்தை ஏப்ரலோடு ஒப்பிடுவதைவிட, முந்தைய ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிடுவது பாதுகாப்பானது.

கடைசியாக ஒரு சின்னப் பிழை, ஆனால் எங்கும் காண்பது: 6.0 என்பது 3.2 ஆனால் குறைந்தது 2.8 சதவீதப் புள்ளி. "2.8 சதவீதம் குறைந்தது" என்று எழுதக் கூடாது, சதவீதத்தில் சொன்னால் அது சுமார் 47 சதவீதக் குறைவு.

7. அலகுநிலைத் தரவை இறக்கிக் கணக்கிடுவது

அறிக்கையில் உங்கள் பிரிவு இல்லையென்றால் மட்டுமே இதற்கு வாருங்கள். பழக்கமில்லாதவருக்கு முதல் அட்டவணை வர இரண்டு, மூன்று நாள் ஆகும்.

அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பெயர், மின்னஞ்சல், நிறுவனம், எதற்காக என்ற விவரங்களோடு பதிவு செய்யுங்கள். ஆட்களை அடையாளம் காண முயலக் கூடாது, மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ஆண்டைத் தேர்ந்து நான்கையும் இறக்குங்கள்: தரவுக் கோப்பு, நெடுவரிசை விவரக் கோப்பு, ரீட்மீ கோப்பு, கேள்விப் படிவம். முதலாவதை மட்டும் இறக்கிவிட்டுத் திண்டாடுபவர்கள்தான் அதிகம். தரவுக் கோப்பு வெறும் எண்களின் வரிசை. எந்த இடத்தில் வயது, எந்த இடத்தில் பால் என்பதை நெடுவரிசைக் கோப்புதான் சொல்லும்.

2023-24இன் முதல் சுற்றில் (ஒவ்வொரு வீட்டுக்கும் முதல்முறை போனபோது எடுத்த தரவில்) 1,01,957 வீடுகள், 4,18,159 ஆட்கள். எக்செல்லில் அடங்கும், ஆனால் மெதுவாக ஓடும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், அதையே பரிந்துரைக்கிறேன். ஸ்டாட்டா என்ற கட்டண மென்பொருள் இருந்தால் நல்லது, அதற்காகக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

ஆண்டுக் கணக்குக்கு முதல் சுற்றுக் கோப்பை மட்டும் எடுங்கள். நகர்ப்புற வீடுகளுக்கு மறுபடி மறுபடி போன சுற்றுகளின் கோப்பு தனியாக இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் நகர்ப்புறம் ஊதிவிடும்.

அடுத்தது எடை. ஒவ்வொரு ஆளும் எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறார் என்பதைச் சொல்லும் எண் இது. 2023-24 வரையிலான கோப்புகளில், என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. என்ற இரண்டு நெடுவரிசைகளும் சமமாக இருந்தால் மல்ட் என்ற நெடுவரிசையை 100ஆல் வகுக்க வேண்டும். சமமாக இல்லையென்றால் 200ஆல். ஆண்டு மதிப்பீட்டுக்கு, காலாண்டுகளின் எண்ணிக்கை உள்ள நெடுவரிசையாலும் வகுக்க வேண்டும். 2025 முதல் வடிவமைப்பு மாறியிருப்பதால் அந்தந்த ஆண்டின் ரீட்மீயைப் படிக்காமல் பழைய சூத்திரத்தை ஓட்டாதீர்கள்.

நிலையைச் சேர்ப்பது இப்படி: முதன்மைக் குறியீடு 11 முதல் 51 வரை இருந்தால் வேலையில் இருப்பவர். இல்லையென்றால் துணைக் குறியீட்டைப் பாருங்கள். அது 11 முதல் 51க்குள் இருந்தாலும் வேலையில் இருப்பவரே. இரண்டும் இல்லாமல் முதன்மை 81 என்றால் வேலையற்றவர். மற்றவர்கள் உழைப்புப் படைக்கு வெளியே. முதன்மையில் 81 இருந்து துணை வேலையும் இருப்பவரை வேலையற்றோரில் சேர்ப்பது மிகப் பரவலான தவறு. விகிதம் சற்றே கூடி வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

உங்கள் பிரிவுக்குப் போகும் முன், நாடு முழுவதற்கும் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு 3.2 வருகிறதா என்று பாருங்கள். பிறகு நகர்ப்புறம் 5.1, கிராமப்புறம் 2.5. மூன்றும் பொருந்தினால் மட்டும் மேலே போங்கள். பொருந்தாவிட்டால் காரணம் பெரும்பாலும் எடை, அல்லது வயது வடிகட்டியை மறந்தது.

எடையைக் கூட்டினால் வரும் மொத்த மக்கள்தொகை உண்மையைவிடக் குறைவாக வரும். இது இந்த ஆய்வுகளின் இயல்பு. அதனால் "இத்தனை கோடிப் பேர்" என்ற எண்ணை எடையிலிருந்து நேரடியாக எடுக்காதீர்கள்; விகிதத்தை மட்டும் எடுத்து, அரசின் 2011–2036 மக்கள்தொகைக் கணிப்போடு பெருக்கிக்கொள்ளுங்கள்.

8. பிரிவு மிகச் சிறியதாகிவிட்டதா என்று பாருங்கள்

"தமிழ்நாடு, நகர்ப்புறம், பழங்குடியினர், பெண்கள், பட்டதாரிகள்" என்று பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் கோப்பில் ஐந்தாறு பேர்தான் மிஞ்சுவார்கள். மென்பொருள் எதையாவது ஒரு சதவீதமாகக் காட்டும். அதற்கு அர்த்தம் இருக்காது.

ஒரு எளிய கணக்கு. உங்கள் பிரிவில் உழைப்புப் படையில் 200 பேர், விகிதம் 5 சதவீதம். 0.05ஐ 0.95ஆல் பெருக்கி, 200ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 0.015. அதன் இரு மடங்கு 3 சதவீதப் புள்ளி. அதாவது உண்மை 2க்கும் 8க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஒரே தெருவின் வீடுகளைக் கொத்தாக எடுக்கும் ஆய்வு என்பதால் நடைமுறையில் இந்த இடைவெளி இன்னும் அகலம். 5 என்பது அடுத்த ஆண்டு 6.5 ஆனால், "உயர்ந்தது" என்று எழுத உங்களிடம் ஆதாரம் இல்லை.

வழிகள் இரண்டு. பிரிவைப் பெரிதாக்குங்கள்: பட்டதாரி என்பதைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் என்று விரியுங்கள். அல்லது இரண்டு, மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்துச் சராசரி எடுங்கள். மாவட்ட அளவில் 2024 வரையிலான தரவை வைத்து விகிதம் போடாதீர்கள். மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கத் தொடங்கியதே 2025இல்தான். ஆண்டறிக்கையின் பிற்சேர்க்கையில் ஒப்புமை நியமப் பிழை (மாதிரியால் வரும் பிழை அந்த எண்ணில் எத்தனை சதவீதம் என்பது) அட்டவணை இருக்கும். உங்கள் எண்ணுக்கு அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணைத் தலைப்பில் போடாதீர்கள்.

9. எழுதும்போது ஒவ்வொரு எண்ணோடும் போக வேண்டியவை

நான்கு விவரங்கள் ஒட்டியிருக்க வேண்டும்: வயது, இடம், காலம், நிலை. "2023-24இல் (ஜூலை–ஜூன்) 15–29 வயது நகர்ப்புறப் பெண்களின் வேலையின்மை, வழக்கமான நிலைப்படி, 20.1 சதவீதம்." வாக்கியம் நீளம்தான், பரவாயில்லை. இடம் போதாவிட்டால் அட்டவணையின் அடியில் போடுங்கள்.

ஒப்பீட்டு வாக்கியத்தில் பங்கேற்பு விகிதத்தையும் வேலையின் வகையையும் அதே பத்தியிலேயே சொல்லுங்கள். அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால் யாரும் படிக்க மாட்டார்கள். உங்கள் முதல் வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பகிர்வார்கள்.

கோப்புகளை இறக்கிய தேதியைக் கோப்புப் பெயரிலேயே எழுதி வையுங்கள். மாதாந்திர அறிக்கை புதிதாக வரும்போது பழையதன்மேல் சேமிக்காமல் தனியாக வையுங்கள்; ஆறு மாதம் கழித்து "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று ஆசிரியரோ வழிகாட்டியோ கேட்டால், அட்டவணை எண், பக்க எண்ணோடு அந்தக் கோப்பை உடனே எடுத்துக் கொடுக்க முடியும்.